ஒத்தச்சுனையில் செருப்பு விற்றது

தேரிக்காட்டுக்குள் குறுக்குவழி என்று ஒன்று கிடையாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது யாராவது சொல்லியிருப்பார்கள், அந்த நேரம் நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன். திருச்செந்தூருக்குத் தென்மேற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில், காவிப்பொடியைக் கொட்டிக் குவித்த மாதிரி செக்கச்செவேலென்று கிடக்கிற அந்த மணல்காடு ஒரே இடத்தில் நிற்பதில்லை, ஆடிக்காற்றில் எழுந்து நடந்துபோய் இன்னோர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், போன வருஷத்து மேடு இந்த வருஷம் பள்ளமாக இருக்கும், முப்பதடிப் பனை கழுத்துவரை மூழ்கிக் கத்தரிச்செடி உயரத்துக்குத் தலை நீட்டிக்கொண்டிருக்கும், நீங்கள் குனிந்து அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போகலாம். அப்படிப்பட்ட காட்டுக்குள், நாற்பது ஜோடி ரப்பர் செருப்பை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சந்தையிலிருந்து இன்னொரு சந்தைக்குக் குறுக்கே போய்விடலாம் என்று ஒரு சித்திரை மாதக் காலையில் நான் இறங்கினேன். எனக்கு அப்போது முப்பது வயது. பொய் சொல்வதில் ஓரளவு தேர்ச்சி பெற்றிருந்தேன்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. இன்னும் கொஞ்சத்தில் திசையும் தீர்ந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் ஒரு மணல்மேட்டில் ஏறிப் பார்த்தால், கீழே உள்ளங்கைக் குழி மாதிரி ஒரு பள்ளம், பள்ளத்தின் நடுவில் வானத்தை ஒரு துண்டு வெட்டிப் போட்டது போல ஒரு சுனை, அதைச் சுற்றிக் கோரைப்புல்லும் கீரைப்பாத்தியும், அதையும் சுற்றி வட்டமாக முப்பது ஓலைவீடுகள். ஒத்தச்சுனை என்று ஊருக்குப் பெயர். அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஊருக்குள் ஒரு மரம் இல்லை. வெட்டிய அடிக்கட்டைகள் மட்டும் அங்கங்கே குந்தியிருந்தன. நான் மூட்டையோடு சறுக்கிக்கொண்டே இறங்கினேன். எல்லையில் கையில் கம்போடு ஒருவர் நின்றார்.

"அப்படியே நில்லும்வே. காலுல என்ன?"

"செருப்பு, அண்ணாச்சி."

"கழத்தும்."

"மணலு கொதிக்குதே."

"கொதிக்கத்தான் செய்யும். கழத்தி மூட்டைக்குள்ள போடும். மூட்டையில என்ன இருக்கு?"

"அதுவும் செருப்புதான்."

வீட்டுக்குள் பாம்புப் பெட்டியோடு நுழைந்தவனைப் பார்ப்பது போல அவர் என்னைப் பார்த்தார். "நல்லா வந்து சேந்தேரு," என்றார்.

அவர் பெயர் பலவேசம். ஊருக்குப் பெரியவர், அதைவிடப் பெரிய பொறுப்பு, ஊரின் கால்தடங்களைப் பார்த்து இன்னாருடையது என்று சொல்வது. வெறுங்காலில் என்னைத் துள்ளத் துள்ள ஓடவைத்து, தன் வீட்டு ஓலைக்கூரை முன்னால் நீண்ட இறவாரத்தின் நிழலுக்குள் கொண்டு நிறுத்தி, ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்து, "உச்சி சாயற வரைக்கும் இந்த ஓல நெழலத் தாண்டிக் காலு வைக்கப்பிடாது, ஆமா. ஊர்க்காரவுக வார நேரம்," என்றார்.

ஊர்க்காரர்கள் எல்லோரும் அவரவர் இறவாரத்தின் கீழ் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள், இன்னும் யார் வரவேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் வந்துவிட்டார்கள்.

மேற்கு மேட்டின் சரிவில், மழையின் முதல் சொட்டு விழுந்தது போல மணலில் ஒரு குழி விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. பிறகு இரண்டு வரிசை, ஐந்து வரிசை, இருபது வரிசை. ஆள் இல்லை, கால் இல்லை, நிழல் இல்லை, விரல்களின் பதிவு மட்டும் ஒன்றன்முன் ஒன்றாக விழுந்துகொண்டே சரிவில் இறங்கி ஊருக்குள் வந்தது. ஒன்று பெரிய கால், ஒன்று சப்பைக்கால், ஒன்று பெருவிரல் வளைந்த கால். எல்லாத் தடங்களும் சுனைக்குப் போயின, மூன்று கை தண்ணீர் அள்ளிக் குடிக்கிற நேரம் அங்கே நின்றன, பிறகு பிரிந்து அவரவர் வீட்டு வாசலுக்கு ஓடி, இறவாரத்து நிழலில் ஏறி, அசையாமல் நின்றன. நான் நின்றிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, வலது காலில் ஆறு விரல் உள்ள ஒரு பெண்ணின் பாதம் வந்து நின்றது. பலவேசம் அதைப் பார்க்காதது போல வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணாச்சி இவுக?"

"இந்த ஊர விட்டுப் போயித் திரும்பாதவுக. கொழும்புக்குப் போனவுக, பம்பாய்க்குப் போனவுக, கடலப் பாத்துட்டு வாரேன்னு போனவுக, சண்ட போட்டுட்டுப் போனவுக. எங்க போனா என்ன, உச்சிக்கு ஒருதரம் வந்துட்டுப் போயிருவாவ. இது எம் பெண்டாட்டி, மாரித்தங்கம். இருவது வருசமாச்சு போயி."

உச்சி சாய்ந்ததும் தடங்கள் வந்த வழியே திரும்பின. மூன்று மணிக்குக் காற்று எழுந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. பெண்கள் எழுந்து அடுப்பு மூட்டப் போனார்கள்.

இந்த விஷயத்தில் அந்த ஊர் ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது. ஆச்சரியத்தால் ஒரு வேலையும் ஆகாது, முறை என்று ஒன்று இருந்தால்தான் காரியம் நடக்கும். தினம் காலையில் வாசல் மணலைச் சலித்து, ஓலை விளக்குமாற்றால் பாய் விரித்தது போல நீவி வைப்பார்கள். பிள்ளை பிறந்த நாற்பத்தோராம் நாள் அதன் பாதத்தை ஈரமணலில் பதிப்பார்கள், பலவேசம் அதைப் பார்த்து மனசில் வாங்கிக்கொள்வார், பிற்பாடு தேவைப்படும் என்று. கல்யாணத்துக்கு வெளியூர் மாப்பிள்ளை வந்தால் ஜாதகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பார்கள். தார்ரோடு போட வந்த அதிகாரியை, தாரில் தடம் விழாது என்று சொல்லி, மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து ஒருத்தன் தான் பரம சௌக்கியம் என்று கடிதம் எழுதினான். ஆனால் அவன் இடதுகால் மூன்று நாளாக இழுத்துக்கொண்டு வருவதை ஊரே பார்த்ததால், யாரும் அந்தக் கடிதத்தை நம்பவில்லை, அவனுடைய அம்மா முட்டிவலி எண்ணெய் காய்ச்சித் தபாலில் அனுப்பினாள். செருப்பு கூடாது என்பதும் அப்படி வந்த சட்டம்தான். செருப்புத் தடத்தில் ஊர்ப்பட்ட கால் எல்லாம் ஒரே கால், வந்தது நம் பிள்ளையா வழிப்போக்கனா என்று எப்படிச் சொல்வது? மரம் கூடாது என்பது இன்னொரு சட்டம். வேர் போய்ச் சுனைத் தண்ணீரைக் குடித்துவிடும் என்றார் பலவேசம். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், உயிருள்ள ஆள் அவர்கள் வழியில் குறுக்கே நிற்கக்கூடாது. ஒருத்தன் பாசம் தாங்காமல் பாய்ந்து தன் அண்ணனின் தடத்தைக் கட்டிப்பிடிக்கப் போனான். அந்தத் தடம் அன்றோடு சரி. அந்த வீட்டு வாசலையும் தினம் சலித்துத்தான் வைக்கிறார்கள், அது அப்படியே கிடக்கிறது.

வம்புக்கும் குறைவில்லை. செல்லக்கிளி என்று ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம். அவள் புருஷன் பம்பாய்க்குப் போனவன், நாலு வருஷம் ஒழுங்காக அவள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த அவன் தடம், ஒருநாள் அவளைத் தாண்டிப் பக்கத்துவீட்டு வாசலில் போய் நின்றது. மறுநாளும் அங்கேதான். பக்கத்துவீட்டுக்காரி அறுபது வயசு விதவை. "அந்தக் கெழட்டு மூதிகிட்ட என்னத்தக் கண்டான்?" என்று செல்லக்கிளி கேட்ட கேள்விக்கு ஊரில் யாருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு பெண்களும் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் ஊர்மடத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். ஒரு பெண் வந்து தூணோடு தூணாக நின்றாள். முப்பது வயது இருக்கும். பெயர் வெயிலுகந்தாள். கையில் பனை ஈர்க்குத் துண்டுகள், ஒன்றைவிட ஒன்று நீளமாக, ஆறு.

"அண்ணாச்சி, இந்தப் பெரிய ஈர்க்கு அளவுக்குச் செருப்பு இருக்குமா?"

"இருக்கு. யாருக்குத் தாயி? ஊருக்குள்ள போடப்பிடாதுன்னாவளே."

"ஊருல இருக்கவுகதான் போடப்பிடாது. இது வந்து போறவளுக்கு."

அவள் மகள் பூரணம், ஐந்து வயதில் ஆட்டுக்குட்டிக்குப் பின்னால் ஒரு மத்தியானம் தேரிக்குள் போனவள். ஆட்டுக்குட்டி திரும்பி வந்தது. பத்து நாள் கழித்துப் பிள்ளையின் தடம் மட்டும் வந்தது. அதிலிருந்து ஒரு உச்சி தவறியதில்லை. மற்றவர்கள் தடமெல்லாம் போன அன்றைய அளவிலேயே நிற்க, இந்தத் தடம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு ஈர்க்கு.

"வளருதுன்னா உசுரோட இருக்கான்னு அர்த்தம்னு பெரியாளு சொல்லுதாவ," என்றாள். "இருக்காளோ இல்லியோ, அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சுடுதுல்லா? அவ ஓடித்தான் வாரா. முன்னங்காலுதான் மணல்ல விழுது. ஆறு வருசமா எம்புள்ள குதிகாலு கீழ பட்டதில்ல. எங்க இறவாரத்துல வந்து நின்னாத்தான் முழுக்காலும் விழும், அப்பந்தான் அளந்துகிடுவேன். நான் நெழல்ல உக்காந்து பாத்துகிட்டே இருக்கேன், அவ சுட்டுகிட்டே வாரா. நானெல்லாம் ஒரு தாயா?"

பொதுவாக நான் ஒரு ஜோடி விற்பதற்கு முப்பது பொய் சொல்வேன், யானை மிதித்தாலும் வார் அறாது என்பது அதில் சிறியது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நீலவார் போட்ட ஒரு ஜோடியை எடுத்து, ஈர்க்கை வைத்துப் பார்த்து, ஒரு விரற்கடை வளருவதற்கு விட்டு, கொடுத்துவிட்டேன். மடியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளையின் தடம் தொடங்குகிற மேற்கு மேட்டின் மேல் அந்த நீலவார் செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வந்ததாக மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் உச்சி. தடங்கள் இறங்கின, வழக்கம்போல, துள்ளித் துள்ளி. கடைசியாக, எல்லோருக்கும் பின்னால், அவசரமே இல்லாமல், கட்டம் கட்டமாக ரப்பர் அச்சு விழ, ஒரு ஜோடி செருப்புத் தடம் இறங்கி வந்தது. செருப்பு எங்கே என்று கேட்காதீர்கள். மேட்டின் மேல் அது இல்லை, மணலில் அதன் அச்சு இருந்தது, அவ்வளவுதான். ஊரே எழுந்து நின்றுவிட்டது.

செருப்புத் தடம் சுனைக்குப் போனது. மூன்று கைக்குப் பதில் ஆறு கை குடிக்கிற நேரம் நின்றது. கீரைப்பாத்தியைச் சுற்றி வந்தது. ஆட்டுப்பட்டிக்குப் போய் ஒவ்வொரு முளைக்குச்சியாகப் பார்த்தது. அடிக்கட்டை ஒன்றில் ஏறிக் குதித்தது, மறுபடி ஏறிக் குதித்தது. பதினோரு வயதுப் பிள்ளை ஆறு வருஷத்து விளையாட்டையும் ஒரே மத்தியானத்தில் விளையாடினால் எப்படி இருக்கும், அப்படி ஊர் முழுக்க அலைந்தது. வெயிலுகந்தாள் தன் வீட்டு நிழலில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தடம் அவள் வாசல் பக்கம் வந்தது. அவள் கையை எடுத்தாள். தடம் வாசலைக் கடந்து, நிற்காமல், வேகம் குறையாமல், கூடாமல், மேற்கு மேட்டில் ஏறிப் போய்விட்டது. நீவி வைத்த வாசல் மணல் நீவியபடியே கிடந்தது.

சுனைத் தண்ணீரில் ஒரு தவளை விழுந்த சத்தம் கேட்டது.

முதலில் புரிந்தது செல்லக்கிளிக்கு. அவள் தலையை நிமிர்த்தித் தன் வீட்டு இறவாரத்தைப் பார்த்தாள், பக்கத்துவீட்டு இறவாரத்தைப் பார்த்தாள், தொடையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ யம்மா! பதினோரு வருசத்துக்கு முன்னால எங்கூட்டு ஓல மக்கி விழுந்து, கூரையக் குட்டையாக் கட்டினேன்லா? அன்னையிலருந்துதான அங்க போறான்! அவளத் தேடியா போனான், நெழலத் தேடில்லா போயிருக்கான்!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "யத்தே, ஒன்னையப் போயி என்னெல்லாம் பேசிட்டேன். நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீ எங்கட்டி பேசவிட்ட," என்றாள் பக்கத்துவீட்டுக்காரி.

அது அப்படியே வீடு வீடாகப் போயிற்று. பாசத்தில் வருகிறான் என்று நினைத்திருந்த மகன், மனசு மாறி வருகிறாள் என்று நினைத்திருந்த மருமகள், எல்லோரும் கால் சுட்டு, பழகின நிழலில் ஒதுங்க வந்தவர்கள். தெரிந்த வீடு, அவ்வளவுதான். செல்லக்கிளி எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பலவேசத்தின் வாசலுக்கு வந்தாள்.

"ஏம் பெரியாளு, சுனைத் தண்ணிய வேரு குடிச்சிரும்னு மரத்தயெல்லாம் வெட்டினீரே, தண்ணிக்காவயா வெட்டினீரு?"

அவர் வெற்றிலைப் பையைச் சுருட்டி மடியில் வைத்தார். காற்று எழுந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு மேற்கு மேட்டுக்குப் போனார். நீலவார் செருப்பு அங்கே, போட்டவள் ஒழுங்காகக் கழற்றி வைத்த மாதிரி, ஜோடியாக இருந்தது. கம்பு நுனியில் கோத்துக் கொண்டுவந்து கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பில் போட்டார். ரப்பர் எரிந்த கரும்புகை சுனையின் மேல் நெடுநேரம் நின்றது. என் மூட்டையையும் தூக்கிப் போட வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அங்கன ஒரு பூவரசு நின்னுச்சு வே, சுனை ஓரத்துல," என்றார், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "மாரித்தங்கம் போயி நாலாம் நாளு, அவ தடம் வந்துச்சு. எங்கிட்டதான் வாரான்னு எந்திரிச்சு நின்னேன். பூவரசு நெழல்ல நின்னுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டா. மறுநா காலம்பற கோடாலிய எடுத்தேன். அன்னைக்கு உச்சிக்கு எங்கூட்டுக்கு வந்தா. இருவது வருசமா வாரா. நான் என்ன கெட்டவனா, சொல்லும்."

வெயிலுகந்தாள் கொடுத்த கருப்பட்டியில் பாதியை உடைத்து அவர் கையில் வைத்தேன்.

அந்த ஊர் உண்மையைத் தெரிந்துகொண்டபின் என்ன செய்தது என்பதைக் கேட்டால்தான் உங்களுக்கு அவர்கள் பிடிபடுவார்கள். சாயங்காலத்துக்குள் மேட்டுக்கு அப்பால் நின்ற பனைகளில் ஒரு பச்சை ஓலை மிச்சமில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரனும் கூரைமேல் ஏறி இறவாரத்தை ஒரு முழம், ஒன்றரை முழம், இரண்டு முழம் என்று நீட்டிக் கட்டினான். எதிர்வீட்டுக்காரன் இரண்டு முழம் நீட்டினால் இவன் இரண்டேகால். செல்லக்கிளி தன் புருஷனைப் பிடிக்க மூன்று முழம் நீட்டி, முட்டுக்கொடுக்கக் கம்பில்லாமல் உலக்கையை நட்டாள். வழியில் ஒரு கன்று நடலாம் என்றோ, ஒரு கீற்றுப் பந்தல் போடலாம் என்றோ ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நடுவில் நிழல் இருந்தால் வருகிறவர்கள் நடுவிலேயே நின்றுவிடுவார்கள் அல்லவா. அவ்வளவு பேரில் ஓலை வெட்டப் போகாதவள் வெயிலுகந்தாள் ஒருத்திதான். அவள் எரிந்த ரப்பர் உருகி உறைந்திருந்த கல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. மூட்டையை இறுக்கிக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக உச்சி வந்துவிட்டது.

எல்லோரும் நிழலுக்குள் ஒதுங்கிய நேரத்தில் அவள் வெளியே வந்தாள். தன் வாசலிலிருந்து நேராக மேற்கே நடந்து, சுனைக்கும் வீட்டுக்கும் நடுவழியில், முப்பது நாற்பது அடி தள்ளி, சுற்றிலும் ஒரு புல் நிழல்கூட இல்லாத வெட்டவெளியில், வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வெறுங்கால். சித்திரை மாதத்துச் சூரியன் நேர் உச்சந்தலையில். அவள் நிழல் ஒரு முறத்தளவுக்குக் காலடியில் சுருண்டு கிடந்தது.

"ஏட்டி, உள்ள போ!" பலவேசம் கத்தினார். "குறுக்க நிக்காத! ஒம்மவ இனி வரவே மாட்டா, அந்த வீட்டு வாசலு கெடக்க மாதிரி ஒன் வாசலும் கெடக்கும்!"

"மரத்தத்தான வெட்டினீரு," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் ஊர் முழுக்கக் கேட்டது. "நான் நிக்கேன்."

"பைத்தியக்காரி, போனா போனதுதாம்ட்டி!"

"போனா, சுடாம போவட்டும்."

தடங்கள் இறங்கின. மேட்டில் கால்வைத்த முதல் தடம் அவளைக் கண்டதும் நின்றது. அதன் பின்னால் வந்த எல்லாத் தடங்களும் நின்றன. அந்தப் பள்ளம் முழுக்க, நிற்கிற கால்களின் கீழே மணல் மெல்ல அமுங்குவது எனக்குத் தெரிந்தது. பிறகு அவை அவளை அகல விட்டு, வளைந்து, சுனைக்குப் போயின, குடித்தன, வீடுகளுக்கு ஓடின. ஓலை நீட்டியவர்களுக்கெல்லாம் அவரவர் ஆள் வந்தாயிற்று. உலக்கை நட்ட இறவாரத்தில் பம்பாய்க்காரன் வந்து நின்றதுகூட நடந்தது. ஆனால் செல்லக்கிளி அதைப் பார்க்கவே இல்லை. எல்லோருடைய கண்ணும் மேற்கு மேட்டில் இருந்தது. அங்கே ஒரு சின்ன ஜோடிக் கால் மட்டும் மிஞ்சி நின்றது.

அது ஒரு பக்கம் நகர்ந்தது, திரும்பியது, ஏறிப் போவது போல இரண்டடி மேலே வைத்தது. வெயிலுகந்தாள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தபடி, இரண்டு கையையும் தொங்கவிட்டு, நட்ட கல் மாதிரி நின்றாள். பாதம் வெந்துகொண்டிருந்தது அவள் தாடை இறுகியதில் தெரிந்தது.

அப்புறம் அந்தத் தடம் ஓடி வந்தது. சுனைக்குப் போகவில்லை. முன்னங்கால் மட்டும் பட, சரிவு முழுக்க ஒரே ஓட்டமாக, பிக்பிக்கென்று மணலில் குழி விழ, நேராக ஓடி வந்து, அந்த முறத்தளவு நிழலுக்குள், அவளுடைய இரண்டு பாதத்துக்கும் நடுவில், நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இரண்டு குதிகாலும் மணலில் இறங்கின.

"வந்துட்டாளா?" என்றாள் அவள். தலை குனிந்து பார்க்கக்கூட அசையவில்லை.

"வந்து நிக்கா தாயி," என்றாள் செல்லக்கிளி. "அசையாத."

"நெழலுக்குத்தான வந்திருக்கா," என்று பலவேசம் சொன்னார். யாருக்கும் கேட்கவேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

"ஆமா, எந்நெழலுக்கு," என்றாள் வெயிலுகந்தாள்.

உச்சி சாய்ந்தது. மற்றத் தடங்கள் திரும்பிப் போயின. அந்தச் சின்னத் தடம் போகவில்லை. போவதற்கு வழியில்லை, நாலு பக்கமும் கொதித்தது. சூரியன் மேற்கே இறங்க இறங்க, வெயிலுகந்தாளின் நிழல் காலடியிலிருந்து கிளம்பி, அவளுக்கு முன்னால், கிழக்கே, வீட்டுப் பக்கமாக நீள ஆரம்பித்தது. நிழல் ஒரு சாண் நீண்டால் தடம் ஒரு சாண் நகர்ந்தது. மூன்று மணிக் காற்று எழுந்து ஊரையே துடைத்தது; அந்த நிழலுக்குள் மட்டும் ஒரு மணலும் அசையவில்லை. இனி குறுக்கே போனால் தப்பில்லை என்று செல்லக்கிளி சொம்போடு ஓடிப்போய், "நீ அசையாத, நான் ஊத்துதேன்," என்று அவள் வாயில் தண்ணீர் விட்டாள், வெந்த காலிலும் கொஞ்சம் ஊற்றினாள். யாரும் அடுப்பு மூட்டவில்லை. நாலு மணிக்கு நிழல் ஆள் உயரம் ஆயிற்று, ஐந்து மணிக்கு இரண்டு ஆள் உயரம். அவள் காலடிக்கும் நிழலின் தலைக்கும் நடுவில் அந்தக் கால் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தது. வரம்பு தெரிந்து நடந்தது, ஒரு விரல்கூட வெளியே போகவில்லை.

சூரியன் மேட்டைத் தொட்டபோது நிழலின் தலை வாசலைத் தொட்டது.

தடம் அந்த நீளமான நிழல்மேல், தன் அம்மாவின் இடுப்பைக் கடந்து, மார்பைக் கடந்து, கழுத்தைக் கடந்து, முழுப் பாதமும் பதிய நடந்தது. இறவாரத்தில் நிற்கவில்லை. வாசல்படி வரைக்கும் மணலில் தடம் இருந்தது. அதற்கப்புறம் சாணி மெழுகிய தரை. அதில் யார் நடந்தாலும் ஒன்றும் தெரியாது. திரும்பி வந்த தடம் எதுவும் மணலில் விழவில்லை. வெளிச்சம் இருந்த மட்டும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பலவேசம் தன் வீட்டுக்கு முன்னால் வெட்டவெளியில் போய் நின்று பார்த்தார். அவருக்கு நிழல் விழுவதற்கு வெயில் மிச்சமில்லை.

வெயிலுகந்தாள் நெடுநேரம் காலை எடுக்க முடியாமல் நின்றாள். செல்லக்கிளி பிடிக்க வந்த கையை விலக்கிவிட்டு, கொப்புளம் உடைந்த காலைப் பக்கவாட்டில் வைத்து வைத்து, அந்தச் சின்னத் தடங்களை மிதித்துவிடாமல் ஓரமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். வாசல்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இருட்டிக் கிடந்த உள்பக்கம் பார்த்து, ஆட்டை மேய்த்துவிட்டுக் கொஞ்சம் பிந்தி வந்த எந்த அம்மாவும் சொல்வது போலச் சொன்னாள்:

"பசிக்குதாட்டி? செத்தப் பொறு. ஒல வைக்கேன்."